பனியில் அணையும் மாருதி 800: ஐடில் ஸ்க்ரூவை முறுக்கினால் தீராது

நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த அரவேணு பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அண்ணே, என்னிடம் இருப்பது 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கியது. காலையில் சோக் இழுத்தால் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. பனி இறங்கிய நாளில் மட்டும், நாலைந்து கிலோமீட்டர் போன பிறகு, வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் நடுங்கி அணைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. வெயில் வந்துவிட்டால் தொந்தரவு இல்லை, மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் அறவே இல்லை. கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரைக் கழுவி ஐடிலை ஏற்றி வைத்துக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, இப்போது மறுபடி அணைகிறது. அதோடு இரண்டாவது கியரில் இறங்கினாலும் வண்டி தள்ளிக்கொண்டு போகிறது. மேலே ஒருவர் கம்ப்ரஷன் பார்த்தார்: 128, 130, 126. ரிங் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார். விற்றுவிடலாமா? ஒரே நல்ல விஷயம், வண்டி சூடே ஆவதில்லை, முள் கால்வாசியைத் தாண்டியதே கிடையாது."

தம்பி, விற்க வேண்டாம். இஞ்சினையும் இறக்க வேண்டாம். நீங்கள் நல்ல விஷயம் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் அந்த ஐடில் ஸ்க்ரூ, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் சுற்றும் வேகத்தை வைக்கும் திருகு. இதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். மலையிலிருந்து இறங்கும்போது உங்கள் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பாதி பிரேக், பாதி இஞ்சின். நிமிடத்துக்கு 900 சுற்றை ஒட்டி நிற்க வேண்டிய ஐடிலை 1500, 1600-க்கு ஏற்றி வைத்துவிட்டால், நீங்கள் ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சமாளிக்க நீங்கள் பிரேக்கை மிதித்தே வருவீர்கள், இறங்கும் வழியில் குஞ்சப்பனை வருவதற்குள் டிரம்மும் டிஸ்க்கும் கடும் சூடாகிவிடும். சூடேறிய பிரேக் சரியாகப் பிடிக்காது என்று மலையில் வண்டி ஓட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இஞ்சின் சூடான பிறகு ஸ்க்ரூவை இறக்கிவிடுங்கள். எத்தனை சுற்று இறக்கினீர்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இறக்கினால் வளைவில் அணையுமே என்பீர்கள். அணையும்தான். காரணத்தைச் சரிசெய்யும் வரை பனி நேரத்தில் வண்டியை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போய்விடுங்கள். ஒருவேளை இறக்கத்தில் அணைந்தேவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் சேமித்திருக்கும் வேக்கம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரில் விட்டு நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டினால் அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம். 128, 130, 126 என்ற எண்களை நீங்கள் எழுதி அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் கோத்தகிரி உயரத்தில் இருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அதை நெருக்கினால் வரும் அழுத்தமும் குறையத்தானே செய்யும்? கடலோரத்தில் 160 காட்டுகிற ஆரோக்கியமான இஞ்சின், கோத்தகிரியில் அதே கேஜில் 128, 130 தான் காட்டும். உங்கள் எண்ணும் அதேதான். இன்னொன்று, மூன்று சிலிண்டரும் நாலு பவுண்டு வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங் தேய்ந்த இஞ்சினில் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டர் முந்திக்கொண்டு விழும், சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறையும். இது எதையுமே நீங்கள் எழுதவில்லை. இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வேக்கம் கேஜ் மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: ஆயிரம் அடி ஏற ஏற ஓர் அங்குலம் குறையும், கீழே 18, 19 காட்டுவது இங்கே 12, 13 காட்டும். சமவெளிக்காக அச்சடித்த அட்டவணையை வைத்துக்கொண்டு மலையில் இஞ்சினை இறக்கிவிடுகிறார்கள், எத்தனை குடும்பங்கள் அந்தச் செலவைச் செய்திருக்கின்றன என்று நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

சரி, பனிக்கு வருவோம். வண்டி எப்போது அணைகிறது, எப்போது அணைவதில்லை என்று நீங்கள் பிரித்து எழுதியிருந்தீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. ஸ்டார்ட் ஆவதில் குறை இல்லை, அதனால் பேட்டரி, செல்ஃப், பெட்ரோல் பம்ப் இவற்றைக் குடைய வேண்டாம். பனி இருந்தால் மட்டும், சில கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டும், ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் அணைகிறது, ஐந்து நிமிடம் சும்மா நின்றால் தானாகச் சரியாகிறது. அழுக்கு அடைத்திருந்தால் சும்மா நின்றா சரியாகும்? தானாகச் சரியாகிற அடைப்பு ஒன்றுதான் உண்டு, அது பனிக்கட்டி.

ஆமாம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கிறது. நம் ஊரில் ஐஸா என்று கேட்காதீர்கள். பெட்ரோல் கையில் பட்டால் ஜில்லென்று இருக்குமே, அதுதான் உள்ளேயும் நடக்கிறது. கார்புரேட்டரின் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கிருக்கும் சூட்டை எல்லாம் இழுத்துக்கொள்கிறது, காற்று 15, 20 டிகிரி வரைகூடக் குளிர்ந்துபோகும். வெளியே 10, 12 டிகிரி, காற்று முழுக்க ஈரம், ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிச் சரிவில் மேகம் வந்து ரோட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறதே, அந்தக் காற்றுதான் உள்ளே போகிறது. தொண்டைக்குள் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, ஆக்ஸிலேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும்போது தகடு அகலத் திறந்திருப்பதால் தெரியாது. ஐடிலில் அந்த இடுக்கு ஒரு மயிரிழைதான், அதில் ஐஸ் படிந்தால் காற்றும் போகாது, பக்கத்தில் இருக்கிற ஐடில் துளையும் மூடிக்கொள்ளும். இஞ்சின் அணைந்ததும் கீழே இருக்கும் சூடு மேலே ஏறி ஐஸ் கரைந்துவிடும், ஐந்து நிமிடத்தில் தடயமே இருக்காது. கீழே அவர்கள் ஐடிலை ஏற்றியதும் கொஞ்ச நாள் நன்றாக இருந்தது என்றீர்களே, அதுவும் இதனால்தான். இடுக்கு கொஞ்சம் பெரிதானது, அடைக்க ஐஸுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. பனி வலுத்ததும் அதுவும் போதவில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டீச்சரின் 800 இதே குறையோடு குன்னூரில் என்னிடம் வந்தது. பிளக் மாற்றினேன், பம்ப் மாற்றினேன், காயில் மாற்றினேன், கார்புரேட்டருக்கு கிட் போட்டேன். ஒவ்வொரு தடவையும் பகல் பதினொரு மணி வெயிலில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன், நன்றாகத்தான் ஓடியது, மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் பள்ளிக்கூடம் போகும் வழியில் அணைந்தது. கடைசியில் நானே காலையில் எடுத்துக்கொண்டு கோத்தகிரி ரோட்டில் போனேன். கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் அணைந்தது. உடனே இறங்கி பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்புரேட்டரின் வாய்ச் சுவரில் ஃப்ரீசர் ட்ரேயில் படிந்திருக்குமே, அதே மாதிரி வெள்ளைப் படலம், வெளிப்பக்கமெல்லாம் வியர்த்துக் கொட்டியிருந்தது. விரலை வைத்தால் ஒட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் கரைந்து ஒரு சொட்டு தண்ணீராகிக் கீழே இறங்கியது, அவ்வளவுதான், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. பம்புக்கும் காயிலுக்கும் வாங்கிய காசை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு குறை வருகிற நேரத்தில் ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியிலும் ஸ்பேனர் வைத்ததில்லை.

நீங்களும் இதைப் பார்க்கலாம், ஆனால் இதற்காகவே பனியில் வண்டியை எடுக்க வேண்டாம். தவிர்க்க முடியாமல் எடுத்து அணைந்துவிட்டால், ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு நிமிடத்துக்குள் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். தாமதித்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்து இரண்டு சாமான் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் இருக்கும் தகரக் கவசத்திலிருந்து ஏர் ஃபில்டரின் மூக்குக்கு வரும் வெள்ளி நிறச் சுருள் குழாய். குளிர் காலத்தில் இஞ்சினுக்குச் சூடான காற்றைக் கொடுக்க அது வைத்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் கிழிந்து தொங்கும், கீழே இருக்கிறவர்களுக்கு அதனால் உபயோகம் இல்லாததால் கழற்றி எறிந்துவிடுவார்கள். உங்கள் வண்டியிலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதே விட்டத்தில் அலுமினியச் சுருள் குழாய் ஒரு முழம் வாங்கி இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் கழற்றிவிடலாம், வெயிலில் சூடான காற்று போனால் பிக்கப் குறையும், ஏற்றத்தில் இஞ்சின் தட்டும்.

இரண்டாவது தெர்மோஸ்டாட். முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை என்றீர்களே, யாரோ உங்கள் வண்டியின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. வண்டி ஓவர் ஹீட் ஆகக் கூடாது என்று சமவெளியில் சிலர் இதைச் செய்கிறார்கள், அங்கேயே அது தப்பு, மலையில் பெரிய தப்பு. இஞ்சின் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அந்தச் சூடான தண்ணீர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் ஓடுகிறது, கார்புரேட்டரின் அடி சூடாக இருப்பது அதனால்தான். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி கோத்தகிரி குளிரில் நாள் முழுக்க ஓடினாலும் பாதி சூடுதான் ஆகும், பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஐடில் நிற்காது, ஆயில் கெடும், மைலேஜும் விழும். சோதிப்பது சுலபம். காலையில் ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் பல நிமிடம் ஹோஸ் ஜில்லென்றே இருந்து, திடீரென்று சுடும். இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வரும். புதிதாக ஒன்று போட்டு, பேக்கிங் மாற்றி, கூலன்ட் கலந்த தண்ணீர் ஊற்றிக் காற்று எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இந்த இரண்டையும் செய்தாலே உங்கள் குறையில் பெரும்பகுதி போய்விடும் என்பது என் கணிப்பு. மீதி இருந்தால் மட்டும் கீழே உள்ளதைப் பாருங்கள்.

கார்புரேட்டரில் ஒரு ஒயரோடு சின்ன சொலினாய்டு (கரண்டில் இயங்கும் வால்வு) இருக்கும், சாவியை ஆஃப் செய்ததும் ஐடில் பெட்ரோலை நிறுத்துவதற்காக வைத்தது. சாவியை ஆன் செய்து, இஞ்சின் ஸ்டார்ட் செய்யாமல், அந்த ஒயரைக் கழற்றி மாட்டினால் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். ஒயர் லூசாக இருந்தால் குலுங்கும் வளைவில் கரண்ட் விட்டு விட்டுப் போகும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஓடும், விட்டால் அணையும். நூறு ரூபாய் செலவில்லாத இந்தக் குறைக்கு முழு கார்புரேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஏர் லீக். கார்புரேட்டர் உட்காரும் பேக்கிங், அதன் அடி நட்டுகள், வேக்கம் ஹோஸ்கள், பூஸ்டர் ஹோஸ், இவற்றில் எங்காவது கணக்கில் இல்லாத காற்று உள்ளே போனால் ஐடில் ஏறி இறங்கி ஆடும். ஹோஸ் ஒவ்வொன்றாக விரலால் மடக்கிப் பிடித்துப் பாருங்கள், எதை மடக்கினால் ஐடில் நிலைக்கிறதோ அதில்தான் ஓட்டை. பேக்கிங் சந்தேகம் இருந்தால் செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அதன் ஓரமாக அடியுங்கள், இஞ்சின் சத்தம் மாறினால் அங்கே லீக். சிலர் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்திலேயே சைலன்சர் மேனிஃபோல்டு சுட்டுக்கொண்டிருக்கிறது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வேக்கம் டயஃப்ரமையும் மறக்க வேண்டாம். அதன் ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் மூடுங்கள், நாக்கைப் பிடித்து நின்றால் நல்லது, விட்டுவிட்டால் கிழிந்திருக்கிறது. பூஸ்டருக்கு: இஞ்சின் ஆஃபில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும்.

கரண்ட் பக்கம் ஒரே ஒரு சோதனை. பனி இறங்கிய இரவில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டு இருட்டில் பாருங்கள், கை வைக்காமல். பிளக் ஒயர்களிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீலமாக மின்னினால் கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். ஒயர் செட்டும் மூடியும் மாற்றுங்கள். மூன்று சிலிண்டர் இஞ்சினில் ஒன்று எரியாமல் விடும்போதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது, ஐடில் நடுங்காமல் என்ன செய்யும்?

கடைசியில்தான் டியூனிங், அதுவும் உங்கள் ஊரில் வைத்துத்தான். மேட்டுப்பாளையத்தைவிட கோத்தகிரியில் காற்று ஆறில் ஒரு பங்கு குறைவு, கார்புரேட்டருக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். கீழே கச்சிதமாக வைத்த கலவை மேலே வந்தால் பெட்ரோல் மிகுந்து தடித்துவிடும், பிளக் கறுப்பாகக் கரி பிடிக்கும். இப்போது பெட்ரோல் பங்கில் வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்குகிறது, அந்த அளவுக்கு ஈடுகட்டும். ஆனால் எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் சூட்டை இழுக்கும், அதனால் ஐஸ் பிடிப்பது கூடத்தான் செய்யும். ஈரத்தையும் உறிஞ்சும், ஆகவே மூன்று வாரம் நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள், பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனாலுக்குத் தாங்கும் புதியதாக மாற்றிவிடுங்கள். அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள், தீப்பிடிக்கிற விஷயம்.

டியூனிங் செய்யும்போது இஞ்சின் முழுச் சூட்டில், ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில், விளக்கும் ஃபேனும் ஆஃபில் இருக்க வேண்டும். கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருப்பினால் ஓரிடத்தில் இஞ்சின் தடுமாறும், அங்கிருந்து சத்தம் சீராகும் வரை வெளியே எடுத்து அங்கேயே விடுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவில் 900-க்குக் கொண்டு வாருங்கள். முடிந்ததும் புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் காட்டி அந்தச் சீட்டில் வரும் எண்ணைப் பாருங்கள், அதைப் பெரும்பாலோர் மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் வருஷத்து வண்டிக்கு ஐடிலில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 3 சதவீதம் வரை அனுமதி. அதைத் தாண்டினால் கலவை இன்னும் தடிப்பு. சி.ஓ. குறைவாக இருந்து எச்.சி. (எரியாத பெட்ரோல்) மட்டும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது, பிளக்குக்குத் திரும்பிப் போங்கள்.

சூடான காற்றுக் குழாயும் தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகு, ஒரு பனிக் காலையில் வீட்டிலிருந்து கோத்தகிரி வரை ஏறிப் போய்த் திரும்பி வாருங்கள். முள் எங்கே நின்றது, அணைந்ததா, மூன்று பிளக்கும் என்ன நிறம், இவ்வளவு எழுதினால் போதும். அப்பாவின் வண்டி இன்னும் நிறைய ஓடும் தம்பி.